பொட்டதாங் மாடித் தையற்கடை: பாடகர் குழு அங்கியும் ஞானஸ்நான உடையும்

ரங்கூனில் சபைகளுக்கு அங்கி தைத்துக் கொடுப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. பாடகர் குழுவின் செயலாளர் என்ற முறையில் அவர்களில் சிலரோடு மல்லுக்கட்டியவன் நான். துணி வாங்குவதும் கணக்கு எழுதுவதும் வசவு கேட்பதும் செயலாளரின் பங்கு. கைதட்டல் முழுவதும் பாடுகிறவர்களுக்குப் போய்விடும். ஆகவே பக்திப் பரவசத்தில் இந்தக் கடையைப் புகழ்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். தையலைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கடை பொட்டதாங் பக்கம், அனோரதா சாலைக்குத் தெற்கே, பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. படிக்கட்டு செங்குத்து, பகலிலும் இருட்டு. நம் ஊர் மாடி வீடுகளில் வழக்கமாகத் தொங்கும் கயிறு ஒன்று இங்கும் தெருவரை தொங்குகிறது. இழுத்தால் மேலே மணி அடிக்கும், கடையை நடத்தும் அக்கா எட்டிப் பார்ப்பார். பட்டன், நூல், அளவுச் சீட்டு போன்றவற்றைக் கயிற்று நுனிக் கிளிப்பில் மாட்டினால் மேலே இழுத்துக்கொள்வார். ஆளை இழுக்க முடியாது. அளவு கொடுக்க ஏறித்தான் ஆக வேண்டும், எங்கள் குழுவில் முழங்கால் வலிக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்கள்.

அந்த அளவெடுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வழக்கமாக டெய்லர் நாடாவைச் சுற்றுவார், எண்ணைச் சொல்வார், பையன் எழுதிக்கொள்வான், அடுத்த ஆள் வருவார். இந்த அக்கா அப்படி விடுவதில்லை. "மூச்சை இழுத்துப் பிடியுங்கள் தம்பி. உங்கள் பாட்டில் எந்த அடி ரொம்ப நீளமோ, அதற்கு எவ்வளவு இழுப்பீர்களோ அவ்வளவு" என்றார். எங்கள் பாஸ் என்னும் அடிக்குரல்காரர் மூச்சை இழுத்ததும் நாடா இரண்டு அங்குலத்துக்கு மேல் ஓடியது. அந்த அளவைத்தான் நோட்டில் எழுதினார். அடுத்து, பாட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்து மார்புக்கு நேரே பிடிக்கச் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டார். கை உயரும்போது முன்பக்க ஓரம் எவ்வளவு தூக்குகிறது என்று பார்ப்பதற்காக. அந்த அளவுக்கு முன்பக்கத்தை இறக்கி வெட்டியதால், இப்போது நாங்கள் புத்தகத்தைத் தூக்கினாலும் அங்கி ஒரே நேர்கோட்டில் நிற்கிறது. குழுவை நடத்துகிறவருக்கு மட்டும் அக்குளில் சாய்சதுரத் துண்டு ஒன்றைக் கூடுதலாக வைத்துத் தைத்திருக்கிறார். அவர் இரண்டு கைகளையும் வீசினாலும் தோள்பட்டை பிடித்து இழுப்பதில்லை.

இத்தனைக்கும் அக்காவுக்குப் பாட வராது. ஆராதனையில் அவர் பக்கத்தில் நின்றவர்களுக்கு இது தெரியும். நானும் நின்றிருக்கிறேன்.

இதற்கு முந்தைய அங்கிகளை வேறொரு கடையில் தைத்தோம். கடையின் பெயர் வேண்டாம். ரசீதின் தலைப்பில் வேத வசனம், சுவரில் வசன அட்டைகள், கடைக்காரர் வாயைத் திறந்தால் "இது வியாபாரம் அல்ல, ஊழியம்". முதல் மழைக்காலம் முடிவதற்குள் தோள் தையல் விட்டுப்போனது. எங்கள் சோப்ரானோ சகோதரி ஒருவர் பெரிய வெள்ளி ஆராதனை முழுவதும் ஊக்கு குத்திக்கொண்டு நின்றார். திரும்பக் கேட்கப் போனபோது, ஊழியத்தில் குறை காணக் கூடாது என்று எங்களுக்கே புத்தி சொல்லி அனுப்பினார்கள். ஊழியம் என்ற சொல்லைக் கேட்டாலே பணப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு அன்றைக்கு ஏற்பட்டது.

மாடிக் கடையில் வசனம் எதுவும் தொங்கவில்லை. கால் மெஷின், வெட்டு மேசை, மின்வெட்டுக்குச் சார்ஜ் விளக்கு, வரிசையாகக் கைலிகளும், பர்மியப் பெண்கள் இடுப்பில் கட்டும் தமேய்களும். சபை வேலை வருஷத்தில் சில மாதங்களுக்குத்தான்; மற்ற நாளில் தெருக்காரர்களுக்குக் கைலி மூட்டுவதும், தமேய்க்கு இடுப்பில் கறுப்புப் பட்டி வைப்பதும், பள்ளிப் பிள்ளைகளின் பச்சை உடுப்பைத் தைப்பதுமே பிழைப்பு. அந்தக் கைலித் தையலையும் எடுத்துப் பார்த்தேன். எங்கள் அங்கிக்கு என்ன நெருக்கமோ அதே நெருக்கம். பௌத்தர் வீட்டுக் கைலிக்கும் ஆலயத்து அங்கிக்கும் அக்காவிடம் ஒரே அளவுகோல்தான். எனக்கு இந்தக் கடை பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

அங்கியின் உள்பக்கத்தைப் பற்றி ஒரு சொல். வெட்டிய ஓரம் எதுவும் வெளியே தெரியவில்லை. ஒருமுறை தைத்து, திருப்பி மடித்து, மறுபடி தைத்து மூடியிருக்கிறார். கழுத்துக்குள் தனியாக ஒரு பட்டி ஓடுகிறது. அது எதற்கு, நேரம் பிடிக்குமே, சீக்கிரம் முடியுங்கள் என்று நான் அவசரப்படுத்தியபோது அக்கா தலை நிமிராமல் சொன்னார்: "ஆரோனுடைய அங்கிக்குக் கழுத்து கிழியாமலிருக்கச் சுற்றிலும் பட்டி வைக்க வேண்டும் என்று கர்த்தரே மோசேக்குச் சொல்லியிருக்கிறார். அவருக்கு இருந்த பொறுமை உங்களுக்கு இல்லையா?" வீட்டுக்கு வந்து யாத்திராகமம் 28ஆம் அதிகாரத்தைப் புரட்டினேன். இருக்கிறது. அதே அதிகாரத்தின் தொடக்கத்தில், அந்த உடுப்புகளைச் செய்கிறவர்களை ஞானத்தின் ஆவியினால் நிரப்பினதாகவும் இருக்கிறது. ஆவியின் நிரப்புதலைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். டெய்லர்களைப் பற்றி அதில் ஒருவரும் பேசியதில்லை.

நம் சபைகளின் கணக்கில் தாலந்து என்றால் பாட்டு, பிரசங்கம், கீபோர்டு. மின்சாரம் போனதும் மழையில் நனைந்துகொண்டு ஜெனரேட்டரை ஓட்டிவிடும் தம்பியை மேடைக்கு யாரும் அழைப்பதில்லை. அறுப்பின் பண்டிகைக்கு இருநூறு பேருக்கு உப்பு பிசகாமல் பிரியாணி இறக்கும் அத்தை அடுப்படியோடு சரி. மத்தேயு 25இல் எஜமான் அவனவன் திறமைக்குத் தக்கபடிதான் பிரித்துக் கொடுக்கிறார், ஐந்து, இரண்டு, ஒன்று என்று. ஒன்றை வாங்கியவன் பயந்து மண்ணில் புதைத்தான். நம்மிடையே பலர் புதைப்பது பயத்தால் அல்ல. அதையும் ஒரு வரம் என்று யாரும் எண்ணிச் சொல்லாததால். அப்போஸ்தலர் நடபடிகளில் யோப்பா பட்டணத்துத் தொற்காள் செத்தபோது விதவைகள் பேதுருவிடம் அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் காட்டி அழுதார்களே, அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசியதாகக்கூட வேதத்தில் இல்லை.

இந்த நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கு இன்னும் நெருக்கமான தையல் ஒன்று உண்டு. 1824இல் ஆங்கிலேயரோடு போர் மூண்டதும் அன்றைய தலைநகர் ஆவாவில் அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சனைச் சிறையில் அடைத்தார்கள். அவர் பர்மிய மொழியில் பெயர்த்து வைத்திருந்த புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் பிரதியை அவர் மனைவி ஆன் முதலில் மண்ணுக்குள் புதைத்தார். மழையில் நைந்துவிடும் என்று அஞ்சி, எடுத்துப் பஞ்சோடு சேர்த்து ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்தார். காவலாளிகூட ஆசைப்படாத அளவுக்கு முரட்டுத் தலையணை. பிறகு ஜட்சனை வேறு சிறைக்கு இழுத்துப் போனபோது அந்தப் பஞ்சு மூட்டை எறியப்பட்டுக் கிடந்தது. மவுங் இங் என்ற விசுவாசி, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல், ஞாபகத்துக்காக எடுத்து வைத்துக்கொண்டார். பிரதி பிழைத்தது. 1834இல் ஜட்சன் முழு வேதாகமத்தையும் பெயர்த்து முடித்தார். பர்மியச் சபைகளில் இன்றும் அந்த வேதாகமம் வாசிக்கப்படுகிறது. இந்தக் கதையை ஞாயிறு பள்ளியில் எல்லாரும் கேட்டிருப்போம். அக்காவிடம் சொன்னபோது அவர் நினைத்தது வேறு. "ஓரத்தை எப்படித் தைத்தார்களோ. ஒற்றைத் தையல் என்றால் எறிந்த எறியில் பஞ்சோடு காகிதமும் கொட்டியிருக்கும்" என்றார். மொழிபெயர்ப்பின் பெருமையைப் பேசுகிறவர்களைத்தான் இதுவரை கண்டிருக்கிறேன்; அந்த ஓரத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர் இவர் ஒருவர்தான்.

ஞானஸ்நான உடைக்கு வருகிறேன். முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் சபையாரெல்லாம் இந்தப் பகுதியைக் கவனித்து வாசிக்க வேண்டும். தண்ணீரில் இறங்கியதும் வெள்ளை அங்கி இரண்டு காரியம் செய்யும்: மேலே மிதந்து எழும்பும், நனைந்ததும் உள்ளே உள்ளதைக் காட்டும். இளம்பெண்கள் தண்ணீரைவிட்டு ஏறும்போது குறுகிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். அக்கா கீழ் ஓரத்து மடிப்புக்குள் மீன்வலைக்குக் கட்டும் சின்ன ஈயக் குண்டுகளைச் சீரான இடைவெளியில் வைக்கிறார், ஒவ்வொன்றையும் தனித் துணிப் பொட்டலமாகக் கட்டி, ஈயக்கறை வெள்ளையில் ஏறாதபடி. முன்னும் பின்னும் இரட்டைத் துணி. கையை மணிக்கட்டில் இறுக்கி விடுகிறார். அகலக் கையாக இருந்தால் தண்ணீர் ரொம்பிப் போதகர் ஐயா தூக்கும்போது கனக்கும் என்கிறார். போன ஞானஸ்நானத்தில் தண்ணீரைவிட்டு ஏறி வந்த பெண் பிள்ளைகள் நிமிர்ந்து நடந்து வந்தார்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அவசர வேலையை ஏற்கவே மாட்டார். எவ்வளவு பணம் காட்டினாலும் தலையாட்டுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை போனை எடுப்பதில்லை. பிற கடையில் தைத்ததைச் சரிசெய்து கொடுங்கள் என்றால் முகம் மாறுகிறது. உடை மாற்ற ஒரு திரைதான் இருக்கிறது, அதுவும் முழுதாக மூடுவதில்லை. பெண்கள் வந்தால் துணைக்கு இன்னொருவரை அழைத்து வருவது நல்லது. சிலுவை எம்பிராய்டரி அவருக்கு வராது. அவரே ஒப்புக்கொண்டு, ரங்கூனின் இன்செயின் பகுதியில் உள்ள ஒரு கரென் இனச் சகோதரியிடம் அனுப்பிவிடுகிறார். அந்தச் சகோதரி இடுப்பில் கட்டி நெய்யும் தறியில் கைதேர்ந்தவர், பூ வேலையும் அருமை. ஆனால் இரண்டு கை மாறுவதால் இரண்டு வாரம் கூடும், கூலியும் கூடும். எங்கள் போதகர் ஐயாவுக்கு நெஞ்சு நிறையத் தங்கச் சரிகை வைக்க ஆசை. வெயிலில் குத்தும், வேண்டாம் என்று அக்கா மறுத்துவிட்டார். இதைக் குறை என்பதா நிறை என்பதா என்று ஐயாவிடம்தான் கேட்க வேண்டும்.

துணி விஷயத்தில் அவர் பேச்சைக் கேளுங்கள். சுத்தப் பருத்தி என்றால் மழைக்காலத்தில் ஆலய அலமாரிக்குள் பூசணம் பூக்கும். முழுக்கச் செயற்கை இழை என்றால் ஏப்ரல் வெயிலில் இரண்டாம் பாட்டிலேயே வியர்த்துக் கொட்டும். பாதிக்குப் பாதி கலந்ததை வாங்கச் சொல்கிறார். பெரியவர்கள் இன்றும் சூரத்தி பஜார் என்று சொல்லும் தெய்ன்ஜீ சந்தையில் எங்களுக்குக் கிடைத்தது.

கூலி அங்கி ஒன்றுக்கு 25,000 கியாட், ஞானஸ்நான உடைக்கு 30,000, துணி நம்முடையது. பாதி முன்பணம். சபை என்பதற்காகத் தள்ளுபடி கேட்டேன். தன் கடையில் காஜா எடுக்கும் பெண்ணுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும், சபையார் பாதிக் கூலி கொடுத்தால் அவளுக்குப் பாதிச் சோறு என்று சொல்வதா என்று கேட்டார். முழுத் தொகையையும் கொடுத்து ரசீது வாங்கினேன். இறந்தவருக்கு உடுத்தும் உடைக்கு மட்டும் கூலி வாங்குவதில்லையாம். இதை அவர் சொல்லவில்லை, கீழ்வீட்டுக்காரர் சொன்னார்.

கிறிஸ்துமஸுக்கு வேண்டுமென்றால் செப்டம்பருக்குள் அளவு கொடுத்துவிடுங்கள். அக்டோபரிலிருந்து கரென், சின் இனத்துச் சபைகளின் வேலை வந்து குவிந்துவிடுகிறது, பிறகு ஜனவரிதான். தைத்து வாங்கும்போது பக்கத் தையலுக்குள் ஒன்றரை அங்குலம் துணி விட்டிருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கேட்காமலே விட்டிருந்தார். பாஸ் பகுதியைப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டாராம்.