ஓக் படாத ஷார்டனே: ஷாப்லி குடித்த பிறகு

ஷார்டனே என்ற வெள்ளைத் திராட்சையில் செய்யும் ஒயின் எனக்கு ஒத்துவராது என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவரை குடித்ததெல்லாம் புது ஓக் மரப் பீப்பாயில் ஊறி வந்த ரகம். மூக்கில் முதலில் ஏறுவது வெனிலா, பின்னாலேயே தேங்காய் வாசனை, அப்புறம் நாக்கில் வெண்ணெய் தடவிய மாதிரி ஒரு கனம், இத்தனைக்கும் நடுவில் திராட்சை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அதே ஷார்டனேயில் ஓக் படாமல் செய்த சாதாரண ஷாப்லி ஒன்றைத் திறந்த அன்றுதான், எனக்குப் பிடிக்காமல் போனது பீப்பாய்தான் என்று புரிந்தது.

நிறம் வெளிர் மஞ்சள், வெளிச்சத்தில் சாய்த்தால் ஓரத்தில் லேசாகப் பச்சை ஓடும். எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், அதோடு மழை விட்டதும் கருங்கல்லில் இருந்து எழுமே, அந்த வாசம். வாயில் வைத்ததும் நாக்கின் இரண்டு பக்கமும் சுள்ளென்று புளிப்பு, எச்சில் ஊறுகிறது, விழுங்கிய பிறகு உப்பு மாதிரி ஏதோ மெல்லியதாக நிற்கிறது. அடுத்த வாய்க்குக் கை தானாகப் போகும்.

இந்த ஒயின் வரும் ஷாப்லி, பிரான்சில் பர்கண்டி பகுதியின் வடகோடியில் இருக்கிறது. அங்கே மண்ணில் சின்னச் சின்னச் சிப்பிகளின் புதைபடிவம் கிடக்கும், அந்தச் சிப்பியின் சுவைதான் ஒயினுக்கு வருகிறது என்பார்கள். நான் அதை நம்பவில்லை. குளிரான இடம், காய் பழுத்தாலும் புளிப்பு குறையாது, அதை எவர்சில்வர் தொட்டியில் நொதிக்கவிட்டால் தொட்டி தன் பங்குக்கு எந்த வாசனையும் சேர்க்காது. எனக்கு இந்தக் காரணமே போதும்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், அந்த வெண்ணெய் வாசனை மரத்திலிருந்து வருவதில்லை. மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்றும் பாக்டீரியாவின் வேலை அது. ஷாப்லியிலும் பெரும்பாலும் அந்த மாற்றம் நடக்கிறது, ஆனால் வெண்ணெய் மேலே வந்து நிற்காது, புளிப்பின் முனை மட்டும் கொஞ்சம் மழுங்கும்.

குறையும் உண்டு. மரம் இல்லாததால் திராட்சை சுமாராக இருந்தால் அதை மறைக்க ஒன்றும் கிடையாது, எலுமிச்சை பிழிந்த தண்ணீர் மாதிரி வெறுமையான பாட்டிலும் எனக்கு வாய்த்திருக்கிறது. கிரான் க்ரூ, ப்ரெமியே க்ரூ (சிறந்த தோட்டங்களின் உயர்தர வகைகள்) என்று லேபிளில் இருந்தால் விசாரித்து வாங்குங்கள், சில தயாரிப்பாளர்கள் அவற்றுக்குப் பீப்பாய் பயன்படுத்துகிறார்கள். மரம் வேண்டாம், ஆனால் வாயில் கொஞ்சம் சதைப்பிடிப்பு வேண்டும் என்பவர்களுக்கு, ஈஸ்ட் மண்டியோடு மாதக்கணக்கில் வைத்து எடுக்கும் மஸ்கடே என்ற வேறொரு பிரெஞ்சு வெள்ளை ஒயின் சரியாக இருக்கும்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே ஊற்றாதீர்கள், ரொம்பக் குளிர்ந்தால் வாசனை எழாது. 10 டிகிரி வாக்கில்தான் அந்தக் கல் வாசம் வெளியே வருகிறது. எனக்கு அரை பாட்டில் மிஞ்சியது, மூடி வைத்து மறுநாள் குடித்தேன், எலுமிச்சை கொஞ்சம் அடங்கியிருந்தது, ஆப்பிள் மட்டும் அப்படியே இருந்தது.