கையால் சுற்றும் பாஸ்தா இயந்திரம்: வார நாள் இரவுக்கு இது சரிப்படுமா?

அலுவலகம் முடிந்து ஏழு மணிக்கு வீடு திரும்பும் ஒருவர், எட்டு மணிக்குள் மூன்று பேருக்குப் புதிதாகத் திரட்டி வெட்டிய பாஸ்தாவைப் பரிமாற முடியுமா என்பதுதான் இந்த இயந்திரத்தை வாங்கும்போது எனக்கிருந்த ஒரே கேள்வி. எட்டு மாதங்களாக வாரத்துக்கு ஒரு முறையாவது இதைச் சுற்றிவிட்ட பிறகு, முடியும் என்றே சொல்வேன். ஆனால் மாவு பிசைவதை முந்தைய இரவோ அன்று காலையோ முடித்து வைத்திருக்க வேண்டும்.

நான் வாங்கியது 2,600 ரூபாய் விலையுள்ள, எவர்சில்வர் மேலுடல் கொண்ட எளிய வகை. ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் அகலமுள்ள இரண்டு உருளைகள், அவற்றின் இடைவெளியை ஏழு படிகளில் குறைக்கும் குமிழ், 2 மில்லிமீட்டரிலும் 6 மில்லிமீட்டரிலும் நாடாக்களாக வெட்டும் இரண்டு பற்சக்கர வரிசைகள், ஒரு கைப்பிடி, மேசையோடு இறுக்கும் ஒரு கிளாம்ப் ஆகியவைதான் இதில் உள்ளவை. மின்சாரம் தேவையில்லை. முதல் ஏமாற்றம் கிளாம்பில் வந்தது. எங்கள் சமையல் மேடையின் கிரானைட் பலகை, அடியில் உள்ள அலமாரிச் சட்டத்தோடு ஒட்டியிருப்பதால், கிளாம்பின் கீழ்த்தாடை நுழைய இடமே இல்லை. கடைசியில் சாப்பாட்டு மேசையின் விளிம்பில்தான் அதைப் பொருத்த முடிந்தது. வாங்க நினைப்பவர்கள் முதலில் தங்கள் மேடையின் அடிப்புறத்தைக் கையால் தடவிப் பார்த்துவிடுவது நல்லது.

இயந்திரத்தின் தரத்தைவிட மாவின் பக்குவமே முடிவைத் தீர்மானிக்கிறது என்பதை நான் மூன்று வாரத் தோல்விகளுக்குப் பிறகே உணர்ந்தேன். வட இத்தாலியின் எமிலியா-ரொமான்யா வட்டாரத்தில் 100 கிராம் மென்கோதுமை மாவுக்கு ஒரு முட்டை என்பது பழைய கணக்கு. நம் கடைகளில் கிடைக்கும் முட்டைகள் பெரும்பாலும் சற்றுச் சிறியவை என்பதால், 300 கிராம் மைதாவுக்கு மூன்று முட்டைகளும் தேவைப்பட்டால் ஒரு மேசைக்கரண்டி தண்ணீரும் சேர்க்கிறேன். மைதாவில் கால் பங்கைக் குறைத்து நைசான ரவையைச் சேர்த்தால் வெந்த பிறகும் சற்றுக் கடிபதம் இருக்கிறது; ஆனால் ரவை ஈரத்தை மெதுவாகவே உறிஞ்சும் என்பதால் ஒரு மணி நேரமாவது ஊறவிட வேண்டும். சப்பாத்திக்கான கோதுமை மாவில் தவிடு இருப்பதால், ஐந்தாம் படிக்கு மேல் தகடு ஓட்டை ஓட்டையாகக் கிழிகிறது.

சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசைய வேண்டும் என்பதால் கை வலிக்கும் என்று பயந்திருந்தேன். இந்த இடத்தில்தான் இயந்திரம் தன் விலைக்கு நியாயம் செய்கிறது. மாவை மூன்று நான்கு நிமிடம் மட்டும் பிசைந்து, ஊறவைத்து, பிறகு மிக அகலமான படியில் விட்டு மூன்றாக மடித்து மீண்டும் விடுவதை ஐந்தாறு முறை செய்தால், மீதிப் பிசைதலை உருளைகளே செய்துவிடுகின்றன. சொரசொரப்பாக நுழைந்த மாவு வழுவழுப்பான தகடாக வெளியே வருகிறது. ஆனால் ஊறவைக்கும் நேரத்தை மட்டும் குறைக்கக் கூடாது. பிசைந்தவுடன் மாவிலுள்ள பசையம் (குளூட்டன்) இறுக்கமாக இருப்பதால், நீட்டிய தகடு ரப்பர் போலச் சுருங்கிக்கொள்ளும். இறுக்கமாக மூடிப் பிரிட்ஜில் வைத்தால் ஒரு நாள் வரை தாங்கும். அதற்கு மேல் முட்டை மாவில் சாம்பல் நிறப் புள்ளிகள் தோன்றிப் பார்வைக்கு நன்றாக இருப்பதில்லை.

இரவு ஏழு மணிக்கு நான் முதலில் செய்வது மூன்று லிட்டர் தண்ணீரை அடுப்பில் ஏற்றுவதுதான், ஏனெனில் அது கொதிக்க எடுக்கும் கால் மணி நேரமே இந்தச் சமையலின் மிக நீண்ட காத்திருப்பு. அது கொதிப்பதற்குள் மாவைப் பிரிட்ஜிலிருந்து எடுத்து, நான்கு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் ஐந்தாம் படி வரை திரட்டி, 6 மில்லிமீட்டர் பக்கத்தில் வெட்டிவிடலாம். இத்தாலியின் போலோன்யா நகர வர்த்தக சபையில் 1972ஆம் ஆண்டு பதிவு செய்யப்பட்ட அளவின்படி, தாலியாத்தெல்லே என்ற நாடாப் பாஸ்தா வெந்த பிறகு இருக்க வேண்டிய அகலம் 8 மில்லிமீட்டர். அந்த ஊர்க்காரர் யாரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வராத வரை என் நாடாக்களின் அகலம் பிரச்சினை இல்லை. வெட்டியவற்றை ரவை தூவிச் சிறு சுருள்களாக வைக்க வேண்டும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அவற்றைக் கொடியில் தொங்கவிட்டு உலர்த்த முயன்றால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கொதிநீரில் 30 கிராம் உப்பிட்டு இரண்டு மூன்று நிமிடம் வேகவிட்டால் போதும்.

சாஸ் விஷயத்தில் நான் சோம்பேறி. புளிப்பு மிகுந்த நாட்டுத் தக்காளிக்குப் பதிலாகச் சதைப்பற்றுள்ள பெங்களூர் தக்காளியை எடுத்து, இரண்டாகப் பிளந்த வெங்காயத்தோடும் தாராளமான வெண்ணெயோடும் குறைந்த தீயில் குழைய விட்டு, பாஸ்தா வெந்த நீரில் ஒரு கரண்டி சேர்த்தால் சாஸ் நாடாக்களின் மேல் நன்றாகப் படிகிறது. முட்டை சேர்த்த புதுப் பாஸ்தாவுக்கு வெண்ணெயே பொருத்தம். பூண்டும் ஆலிவ் எண்ணெயும் மட்டும் சேரும் எளிய சமையலுக்கு, கெட்டிக் கோதுமையான டியூரம் ரவையில் செய்த உலர் ஸ்பகெட்டியின் உறுதிதான் வேண்டும். அதற்காக இந்த இயந்திரத்தைச் சுற்றுவது வீண் வேலை.

குறைகளில் எரிச்சலூட்டுவது கைப்பிடிதான். அதைத் துளையில் செருகுகிறோமே தவிரப் பூட்டுவதற்கு ஏற்பாடு இல்லாததால், ஒரு கையால் தகட்டைத் தாங்கியபடி மறு கையால் சுற்றும்போது பாதியில் கழன்று விழுகிறது. இரண்டு பேர் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. முதல் முறை விடும் மாவில் உருளையின் எண்ணெய்க் கறை கறுப்பாக ஒட்டும் என்பதால், ஒரு சிறு உருண்டையை வீணாக்க வேண்டியிருக்கிறது. இயந்திரத்தைத் தண்ணீரில் கழுவவே கூடாது. என் தம்பி நல்லெண்ணத்தில் அதைக் குழாயடியில் பிடித்துக் கழுவியதில், வெட்டும் பற்களுக்கிடையே இரண்டே நாளில் துரு ஏறிவிட்டது. அதைச் சுரண்டி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் போனது. ஒட்டிய மாவை அரை மணி நேரம் காயவிட்டுப் பழைய பல் துலக்கும் தூரிகையால் தட்டிவிட்டாலே உதிர்ந்துவிடும்.

பிரிட்ஜில் மாவு உருண்டை இல்லாத நாள்களில் நான் இதை அலமாரியிலிருந்து இறக்குவதே இல்லை. அன்று பொட்டலத்து ஸ்பகெட்டியும் ஆறு பல் பூண்டும் சிறிது மிளகாய்த் தூளும்தான். ஏழரை மணிக்கே சாப்பிட்டுவிடுகிறோம்.