வரைபடமா, நீக்கல் முறையா?

இரண்டு மாறிகள், இரண்டு நேரிய சமன்பாடுகள். வரைபடத்தாளில் கோடு போட்டும் தீர்க்கலாம், ஒரு மாறியைக் கழித்து நீக்கும் நீக்கல் முறையிலும் தீர்க்கலாம். விடைதான் வேண்டுமென்றால் என் ஓட்டு நீக்கல் முறைக்கே. ஒன்பதாம் வகுப்புக் கணக்குகளை வைத்துச் சொல்கிறேன். அதற்கு மேலே போனால் கதை வேறு.

வேலூர் மார்க்கெட்டை வைத்தே ஒரு கணக்கு. இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய் 2 கிலோ, தக்காளி 3 கிலோ சேர்ந்து 190 ரூபாய். கத்திரி 3, தக்காளி 2 என்றால் 210. கிலோ விலையை க, த என்று வைத்தால் 2க + 3த = 190, 3க + 2த = 210. முதலாவதை 3ஆலும் அடுத்ததை 2ஆலும் பெருக்க, 6க + 9த = 570, 6க + 4த = 420. கழித்தால் 5த = 150. த = 30, க = 50. பிள்ளைகள் தடுக்கி விழுவது இரண்டு இடத்தில்: பெருக்கும்போது வலப்பக்கத்தை மறப்பது, கழிக்கும்போது முதல் உறுப்பின் குறியை மட்டும் மாற்றுவது. விடையை இரண்டு சமன்பாட்டிலும் போட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

வரைபடத்திலும் இதே விடை வரும். அளவுத்திட்டம் 1 செ.மீ. = 10 ரூபாய்; க கிடை அச்சில். ஒரு கோட்டுக்கு (20, 50), (50, 30), (80, 10). மற்றதற்கு (30, 60), (60, 15), (70, 0). கோடு போட இரண்டு புள்ளி போதும், மூன்றாவது சரிபார்க்க.

சிக்கல் துல்லியத்தில்தான். 210ஐ 211 ஆக்குங்கள்: க = 50.6, த = 29.6. தாளில் 1 ரூபாய் என்பது 1 மி.மீ.; பென்சில் கோடே அரை மி.மீ. தடிமன் இருக்கும். 50.6ஐ எங்கே படிப்பது?

இதைவிட மோசம், ஏறக்குறைய ஒரே சாய்வுள்ள கோடுகள். இரண்டாவது சமன்பாடு 21க + 30த = 1950 என்றால் விடை மாறாது, அதே 50, 30. ஆனால் சாய்வுகள் -0.67, -0.7. வெட்டும் கோணம் 1.3 பாகைதான். க 32 முதல் 68 வரை இரு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி ஓடும். வெட்டும் புள்ளியை எங்கே வைத்தாலும் சரிபோலத்தான் தெரியும். இயற்கணிதத்திலோ முதலாவதை 10ஆல் பெருக்கிக் கழித்தால் ஒரே அடியில் க = 50.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த 1950, 1960 ஆனால் க 60க்குத் தாவிவிடும். கணக்கு இவ்வளவு ஆட்டம் காணக்கூடியது என்பதை நீக்கல் முறை சொல்லாது. ஒட்டி ஓடும் கோடுகள் பார்த்ததும் காட்டிக்கொடுக்கும். நீக்கும்போது 0 = 10 என்று வந்து பிள்ளை விழிக்கும் இடத்திலும் அப்படித்தான்: தாளில் இணைகோடுகளைப் பார்த்தால் தீர்வு இல்லை என்பது புரிந்துவிடும். 0 = 0 என்றால் இரண்டும் ஒரே கோடு, எண்ணற்ற தீர்வுகள்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 8 மதிப்பெண்ணுக்கு வரைபடக் கேள்வி உண்டு. அதனால் ஒன்பதிலேயே அச்சுகளுக்குப் பெயரிட்டு, அளவுத்திட்டத்தைத் தாளின் மேல் மூலையில் எழுதிய பிறகே முதல் புள்ளியைக் குறிக்கச் சொல்லுங்கள்.