முழுநேர பிரேஸா, இரவு பிரேஸா, பயிற்சி மட்டும் போதுமா? பிள்ளைகளின் ஸ்கோலியோசிஸுக்கு எது எப்போது

எக்ஸ்ரேயில் முதுகுத்தண்டு 10 டிகிரிக்குக் குறையாமல் பக்கவாட்டில் வளைந்து, கூடவே முறுக்கியும் இருந்தால் அது ஸ்கோலியோசிஸ். பத்து வயதுக்கு மேல் வருவதில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் தெரியாது. நூற்றில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு இருக்கும். கனமான புத்தகப் பையாலோ கோணலாக உட்கார்வதாலோ வருவதில்லை. ‘நிமிர்ந்து உட்காரு’ என்று அதட்டினால் சரியாவதும் இல்லை.

கண்டுபிடிக்க, நிற்கவைத்துத் தோளை மட்டும் பார்ப்பதைவிடக் குனியவைத்துப் பார்ப்பது நம்பகமானது. பாதங்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல், உள்ளங்கைகளைச் சேர்த்துத் தொங்கவிட்டுக் குனியச் சொல்லுங்கள். பின்னால் உட்கார்ந்து, முதுகைக் கண்மட்டத்தில் பாருங்கள். ஒரு பக்க விலா மேடாகத் தெரிந்தால் தண்டு முறுக்கியிருக்கிறது. குனிந்த முதுகின் சாய்வை அளக்கும் ஸ்கோலியோமீட்டர் வைத்து 7 டிகிரி காட்டினால் எக்ஸ்ரே எடுக்கும் நேரம். ஒரு கால் குட்டையாக இருந்தாலும் இடுப்பு சாய்ந்து வளைவு போலத் தெரியும்; அதே பிள்ளையை ஸ்டூலில் உட்காரவைத்துக் குனியச் சொன்னால் அந்தப் போலி வளைவு மறைந்துவிடும். மார்பு வளைவு வழக்கமாக வலப்பக்கம் திரும்பும். இடப்பக்கம் திரும்பினாலோ, தூக்கத்தைக் கெடுக்கும் வலியோ, கால் மரத்துப்போவதோ இருந்தாலோ எம்ஆர்ஐ தேவை.

சிகிச்சையைத் தீர்மானிப்பது டிகிரி மட்டுமல்ல. இன்னும் எவ்வளவு வளர்ச்சி பாக்கி என்பதும்தான். இதற்கு எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பின் மேல்விளிம்பைப் பார்த்து 0 (வளர்ச்சி நிறைய பாக்கி) முதல் 5 (முடிந்துவிட்டது) வரை தரும் ரிஸ்ஸர் எண் உதவும். பெண் பிள்ளை வயதுக்கு வந்துவிட்டாளா, வந்து எத்தனை மாதம் என்பதும் முக்கியம். லான்ஸ்டைன், கார்ல்சன் இருவரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், 20-29 டிகிரி வளைவு ரிஸ்ஸர் 0-1 பிள்ளைகளில் 68 சதவீதத்தினருக்குக் கூடியது. ரிஸ்ஸர் 2-4 பிள்ளைகளில் 23 சதவீதம்தான். அளவு ஒன்று, கதி வேறு.

25 டிகிரிக்குக் கீழே இருந்தால் 4-6 மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் போதும். அளப்பதிலேயே 5 டிகிரி வரை பிசகு வரும் என்பதால் 22 என்பது 25 ஆனதும் பதற வேண்டாம்.

உண்மையான போட்டி 25-40 டிகிரியில், வளரும் பிள்ளைக்குத்தான். அமெரிக்கா, கனடாவில் நடந்து 2013-இல் வெளியான பிரெய்ஸ்ட் ஆய்வில், பிரேஸ் (உடலைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் கவசம்) போட்டவர்களில் 72 சதவீதத்தினர், அறுவை சிகிச்சைப் பேச்சு வரும் 50 டிகிரியைத் தொடாமல் வளர்ந்து முடித்தார்கள். வெறுமனே கண்காணித்தவர்களில் 48 சதவீதம். பிரேஸுக்குள் வெப்ப உணரி வைத்து மணிநேரத்தைக் கணக்கிட்டதில், சராசரியாக நாளுக்கு சுமார் 13 மணிநேரத்துக்கு மேல் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் வெற்றி. இன்னொரு செய்தியும் அதே எண்களில் இருக்கிறது: ஏறக்குறைய பாதிப் பேர் எதுவும் போடாமலே தப்பினார்கள். யார் தப்புவார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததுதான் சிக்கல்.

பாஸ்டன் வகை முழுநேர பிரேஸ் நாளுக்கு 16-20 மணிநேரம். சட்டைக்குள் மறைந்தாலும் நம் வெயிலில் பிள்ளைக்குப் பெரிய சோதனை. பிராவிடென்ஸ் போன்ற இரவு பிரேஸ் படுத்திருக்கையில் மட்டும், 8 மணிநேரத்துக்குக் குறையாமல். நடமாட வேண்டியதில்லை என்பதால் வளைவை எதிர்ப்பக்கம் வரை அழுத்தித் திருப்பும். ஸ்வீடனில் நடந்த ஒரு ஆய்வில் இரவு பிரேஸ் 76 சதவீதத்தினருக்குப் பலித்தது. பொதுவான உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களில் 53 சதவீதத்தினருக்கு. இடுப்புப் பக்கத்து ஒற்றை வளைவு, 35 டிகிரிக்குள் என்றால் இரவு பிரேஸில் தொடங்கலாம். மார்பு வளைவு பெரிதாக இருந்தாலோ, மேலும் கீழும் இரட்டை வளைவு என்றாலோ முழுநேரம்தான். ஆனால் பீரோவுக்குள் கிடக்கும் பாஸ்டன் பிரேஸைவிட, தினமும் இரவில் மாட்டும் பிரேஸ் மேல்.

எதுவானாலும், போட்டுக்கொண்டே ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முழுநேர பிரேஸுக்குள் வளைவு ஏறக்குறைய பாதியாகக் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் உள்ளே வளைவை அழுத்தும் பேடு சரியான இடத்தில் இல்லை, அல்லது பட்டை தளர்ந்திருக்கிறது. பட்டையைப் படுத்த நிலையில் இழுத்து, எந்த இடம் வரை இழுப்பது என்று பேனாவால் கோடு போட்டுவையுங்கள். உள்ளே தையல் துருத்தாத பருத்தி பனியன், சுருக்கமில்லாமல். பவுடர், எண்ணெய், லோஷன் வேண்டாம். தோல் இளகிப் புண்ணாகும். கழற்றியபின் சிவப்பு அரைமணியில் மங்கினால் சரி; மங்காமல் நின்றால் பிரேஸ் செய்தவரிடம் காட்டித் திருத்துங்கள். நான்கைந்து மாதத்தில் உயரம் கூடி பிரேஸ் சின்னதாகிப்போவதும் உண்டு.

ஷ்ரோத் பயிற்சி 1921 முதல் ஜெர்மனியில் வளர்ந்த முறை: குழிந்த பக்க விலாவுக்குள் மூச்சை நிரப்பி, முறுக்குக்கு எதிராகத் தசையை இயக்குவது. முதுகு வலுவுக்கும் தோற்றத்துக்கும் உதவும், பிரேஸோடு சேர்ந்தால் நல்லது. 30 டிகிரியில் வளரும் பிள்ளைக்குப் பிரேஸுக்கு மாற்றாக வைப்பது மட்டும் ஆபத்து. எலும்பைத் தட்டி நேராக்குகிறேன் என்பவர்களிடம் பணம்தான் போகும். அதைவிடப் பெரிய நஷ்டம், வளர்ச்சிக்காலம் போய்விடும்.

45-50 டிகிரி தாண்டினால் அறுவை சிகிச்சைப் பேச்சு வரும். மார்பு வளைவு 50-க்கு மேல் போனால் வளர்ச்சி நின்ற பிறகும் ஆண்டுக்கு சுமார் ஒரு டிகிரி கூடக்கூடும். திருகாணியும் கம்பியும் வைத்து எலும்புகளை ஒட்டவைக்கும் ஃப்யூஷன் பல்லாண்டு அனுபவம் உள்ளது, திருத்தம் நிலைக்கும். ஒட்டிய பகுதி இனி வளையாது, அது கீழ் இடுப்பு வரை இறங்கினால் குனிவதில் தெரியும். புடைத்த பக்கம் கயிறு கட்டி வளர்ச்சியைக் கொண்டே நிமிர்த்தும் டெதரிங் முறைக்கு, மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் அனுமதிக்கும் அமெரிக்காவின் எஃப்டிஏ 2019-இல் வரம்புக்குட்பட்ட அனுமதி தந்தது. முதுகு வளைந்துகொடுக்கும் தன்மை மிஞ்சும். ஆனால் கயிறு அறுவதும், சில பிள்ளைகளுக்கு மறுபக்கம் மிகையாகத் திரும்புவதும் நடக்கிறது. மறு அறுவை ஃப்யூஷனைவிட அதிகம். வளர்ச்சி முடிந்த பிள்ளைக்கு இது பொருந்தாது.