கேட்டோ யுனிட்ராம்: மேசைமேல் டிராம் தெரு போட ஏற்றதா?

வீட்டு மேசையில் மாதிரி டிராம் ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு ஜப்பானின் கேட்டோ நிறுவனம் தரும் யுனிட்ராம் தொகுப்பை முதலில் சொல்லலாம். தண்டவாளம், தார்ச்சாலை இரண்டும் ஒரே பிளாஸ்டிக் தட்டில் வார்க்கப்பட்டு வருகின்றன. தட்டுகளைக் கோத்தால் அன்றே வண்டி ஓடும். ஆனால் இதன் வளைவுகளும் இடைவெளிகளும் முன்பே தீர்மானமானவை, நம் இஷ்டத்துக்கு நெளிக்க முடியாது. தெருவுக்கு மட்டும் இதை வாங்கி, பணிமனை, ஊருக்கு வெளியே போகும் பாதை ஆகியவற்றுக்குச் கேட்டோவின் சாதாரண மாதிரி ரயில் தண்டவாளமான யுனிட்ராக்கைப் பயன்படுத்துவதே சரியான வழி.

பாதையின் அகலம் 9 மி.மீ., வண்டிகள் 1:150 அளவு, அதாவது அசலில் 150-இல் ஒரு பங்கு. தெருவில் இரு பாதைகளுக்கும் நடுவே மையத்திலிருந்து மையத்துக்கு 25 மி.மீ. வளைவில் உள்பாதைக்கு ஆரம் 155, வெளிப்பாதைக்கு 180. இந்த 25 மி.மீ.தான் தொகுப்பின் உயிர். இன்னொரு ஜப்பானிய மாதிரி ரயில் தயாரிப்பான டோமிக்ஸின் வைட் டிராம் ரயில் தண்டவாளத்தில் இதே இடைவெளி 37 மி.மீ. அதில் இரண்டு டிராம்களை அருகருகே நிறுத்தினால் நடுவில் மூன்றாவது வண்டி புகுந்துவிடும் போலத் தெரியும். தெரு என்ற தோற்றமே கலைந்துவிடும். டோமிக்ஸுக்கு வேறொரு பலம் உண்டு: வளைவை 103 மி.மீ. ஆரம் வரை இறுக்கலாம். புத்தக அலமாரித் தட்டு போன்ற குறுகிய இடம் மட்டுமே இருந்தால் அதையே வாங்குங்கள். 60 செ.மீ. அகலப் பலகை போட முடிந்தால் கேட்டோ.

ஆரம்பத் தொகுப்போடு வருவது தொயாமா நகரின் போர்ட்ராம். 2006-இல் ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) கிளைப்பாதை ஒன்றை டிராம் வழியாக மாற்றியபோது அங்கே இறக்கிய தாழ்தள வண்டி இது. 7 வண்டிகள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். அசல் வண்டியின் நீளம் 18.4 மீட்டர், அகலம் 2.4 மீட்டர். மாதிரியில் அது ஏறக்குறைய 123 மி.மீ. நீளம், 16 மி.மீ. அகலம். ஆகவே நேர்ப்பாதையில் இரண்டு வண்டிகள் கடக்கும்போது இடையில் 9 மி.மீ. மட்டுமே மிஞ்சும். நெருக்கமாகக் கடக்கும் அந்தக் காட்சிக்காகவே இதை வாங்கலாம்.

வளைவில் அந்த 9 மி.மீ. மேலும் குறையும். வெளிப்பாதை வண்டியின் நடுப்பகுதி உள்ளே வரும், உள்பாதை வண்டியின் மூக்கு வெளியே நீளும். கேட்டோவின் குட்டை டிராம்களுக்கு இது சிக்கலில்லை. வேறு நிறுவனத்தின் நீளமான வண்டியை வாங்கினால், மின்சாரம் தருமுன் இரண்டையும் வளைவில் வைத்துக் கையால் தள்ளிப் பாருங்கள். வளைவின் நடுவில் மட்டும் பார்த்தால் போதாது. நேர்ப்பாதை முடிந்து வளைவு தொடங்கும் இடத்திலும் உரசுகிறதா என்று பாருங்கள்.

அளவு பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். தொயாமாவின் அசல் பாதை அகலம் 1067 மி.மீ. அதை 150-ஆல் வகுத்தால் 7.1 மி.மீ.தான் வரும். 9 மி.மீ. பாதையில் போர்ட்ராம் கால்களைச் சற்று அகட்டி நிற்பதற்கு இதுவே காரணம். ஹிரோஷிமா டிராம் ஓடுவது 1435 மி.மீ. பாதையில், அதாவது மாதிரிக்கு 9.6 மி.மீ. எனவே இந்தத் தட்டுகளின்மேல் இயல்பாகப் பொருந்தி நிற்பது கேட்டோவின் ஹிரோஷிமா கிரீன் மூவர் லெக்ஸ். இரண்டாவது வண்டி வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

தட்டு கோப்பதில் அவசரம் கூடாது. தண்டவாள முனைகளை இணைக்கும் யுனிஜாயினருக்குள் உலோகத் தகடு ஒன்று உண்டு. தட்டைச் சாய்த்துச் செருகினால் தண்டவாளம் தகட்டுக்கு மேலே ஏறிக்கொள்ளும். வெளிப்பார்வைக்குப் பொருந்தியதுபோல இருக்கும், ஆனால் வண்டி அந்த இடத்தில் ‘டக்’ என்று குதிக்கும், சில நேரம் நின்றுவிடும். இரண்டு தட்டுகளையும் சமதளத்தில் படுக்க வைத்து நேராகத் தள்ளுங்கள். பிறகு இணைப்பின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் இடறினால் கழற்றி மறுபடி செருகுங்கள். அடிப்பலகையும் முக்கியம். வளைந்த மேசையில் இணைப்புகள் அரை மி.மீ. தூக்கிக்கொள்ளும். 12 மி.மீ. பிளைவுட் போட்டு, தாழ்ந்த இடத்தில் விசிட்டிங் கார்டு அட்டையைத் துண்டுபோட்டு வைத்தால் சரியாகும்.

மின்சார விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது: ஜப்பானில் விற்கும் கன்ட்ரோலரோடு (வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) வரும் அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது. நம் வீட்டு 230 வோல்ட் பிளக்கில் செருகினால் அந்த நொடியே கருகும். 230-இலிருந்து 100-க்கு இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்குங்கள். இல்லையென்றால் 12 வோல்ட், 1 ஆம்பியர் டி.சி. அடாப்டரோடு மோட்டார் வேகம் கூட்டிக் குறைக்கும் பி.டபிள்யூ.எம். பலகை ஒன்றையும், முன்பின் மாற்ற 6 கால் டி.பி.டி.டி. ஸ்விட்ச்சையும் இணைத்தால் வேலை முடிந்தது. நடுவில் அரை ஆம்பியர் பாலிஃபியூஸ் (சூடானால் மின்சாரத்தைத் தடுத்து, ஆறியதும் தானே சரியாகும் ஃபியூஸ்) ஒன்றைச் சேர்க்காமல் ஓட்டாதீர்கள். தடம் புரண்ட வண்டியின் சக்கரம் இரண்டு தண்டவாளத்தையும் சேர்த்துத் தொட்டால் ஷார்ட் ஆகும், ஃபியூஸ் இல்லாவிட்டால் அந்தச் சூட்டில் தட்டே உருகும்.

இரண்டு பாதைகளுக்கும் மின்சாரம் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். ஒரே கன்ட்ரோலரில் இரண்டையும் ஓட்டலாம், ஆனால் வண்டிகள் எதிரெதிரே போக வேண்டுமானால் ஒரு பாதைக்கு மட்டும், தண்டவாளத்துக்கு மின்சாரம் கொண்டுபோகும் நீலம், வெள்ளை ஒயர்களை இடம் மாற்றுங்கள். சுற்று 3 மீட்டரைத் தாண்டினால் எதிர்ப்பக்கத்தில் இன்னோர் இடத்திலும் ஒயர் கொடுங்கள். ஒவ்வோர் இணைப்பிலும் கொஞ்சம் வோல்ட் குறைவதால் தூரத்தில் வண்டி தளரும். கூடுதலாகக் கொடுக்கும்போது அந்தப் பாதையில் முதல் இடத்தில் நீலம் எந்தத் தண்டவாளமோ, இங்கும் அதே தண்டவாளம்.

மேலே கட்டும் கம்பி வெறும் அலங்காரம், மின்சாரம் தண்டவாளம் வழியாகத்தான் வருகிறது. மேல்கம்பியிலிருந்தே மின்சாரம் எடுத்து ஓட்ட விரும்புகிறவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது, 16.5 மி.மீ. பாதைக்குப் போங்கள்.

வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். ஜப்பானில் தெரு டிராமுக்கு உச்சவேகம் மணிக்கு 40 கி.மீ. மாதிரியில் அது விநாடிக்கு 74 மி.மீ. வெளிப்பாதையின் அரைவட்டத்தைக் கடக்க வண்டிக்கு ஏழரை விநாடி ஆக வேண்டும். கைபேசியில் நேரம் பார்த்து, கன்ட்ரோலர் குமிழில் அந்த இடத்தை ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளலாம்.

அந்த மெதுவான வேகத்தில் அழுக்கு உடனே காட்டிக்கொடுக்கும். தண்டவாளத்தை ஒட்டிய பள்ளத்தில் தூசி, துணிநார், தலைமுடி எல்லாம் சேரும். சக்கரத்தின் விளிம்பு அதன்மேல் ஏறினால் சக்கரம் தண்டவாளத்தைத் தொடாது, விளக்கு மினுக்கும், வண்டி நிற்கும். பல்குத்தும் மரக்குச்சியைத் தட்டையாகச் சீவிப் பள்ளத்தில் இழுத்தால் சாம்பல் நிறத்தில் நூல் நூலாக வரும். தண்டவாளத் தலையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம். அது போடும் கீறல்களில் கருமை இன்னும் வேகமாகப் படியும். சக்கரத்துக்கு: ஆல்கஹால் நனைத்த டிஷ்யூவைப் பாதையின் குறுக்கே விரித்து, வண்டியின் ஒரு முனை மட்டும் அதன்மேல் இருக்கும்படி பிடித்து, பாதி வேகம் கொடுங்கள். பத்து விநாடியில் காகிதத்தில் இரண்டு கருங்கோடுகள் விழும். பிறகு மறுமுனை. ரப்பர் வளையம் போட்ட சக்கரத்தை மட்டும் ஆல்கஹாலில் ஊறவிடாதீர்கள்.

சாலையின் பிளாஸ்டிக் பளபளப்பு கண்ணை உறுத்தும். தண்டவாளத்தை மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டு, மேட் வார்னிஷ் இரண்டு மெல்லிய பூச்சு அடித்தால் தார்ச்சாலை ஆகிவிடும். கரித்தூள், சாக்பீஸ் தூள் தேய்ப்பது அழகுதான், ஆனால் அது பள்ளத்தில் இறங்கினால் மேலே சொன்ன கோளாறு மறுநாளே வரும்.

தொகுப்பின் பெரிய குறை, ஆரம்பப் பெட்டியில் பாயின்ட் (வண்டியை வேறு பாதைக்குத் திருப்பும் தண்டவாளம்) இல்லை. வண்டியை ஒதுக்கி நிறுத்த வழியில்லாமல் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். பணிமனை வேண்டுமானால் தெருவின் ஒரு முனையை யுனிட்ராக்கில் இறக்க வேண்டும். இரண்டுக்கும் இணைப்பு முறை ஒன்றேதான், ஆனால் யுனிட்ராக் இரட்டைப்பாதையின் இடைவெளி 33 மி.மீ. அந்த 8 மி.மீ. வேறுபாட்டை கையால் வளைக்கக்கூடிய ஃபிளெக்ஸ் தண்டவாளத்தில் சுமார் 125 மி.மீ. நீளத்துக்கு மெல்லிய நெளிவு கொடுத்துச் சமாளிக்கலாம். ஒரே பாதையாக இறக்கினால் அந்தத் தொல்லையும் இல்லை.

அங்கே பொருத்த கேட்டோவின் 4-ஆம் எண் பாயின்ட் போதும். அதன் வளைவு ஆரம் 481 மி.மீ., டிராமுக்குத் தாராளம். ஆனால் அதன் நாக்கின் (வண்டியைத் திருப்ப இடம்வலம் நகரும் தண்டவாளத் துண்டு) முனை தடிமனானது, சிறிய சக்கரங்கள் அதில் மோதி ஏறித் தடம் புரள்வது இதன் பெயர்போன கோளாறு. மெல்லிய ஊசி அரத்தால் நாக்கு முனையைக் கத்தி முனைபோலச் சாய்த்துத் தேயுங்கள். விரல் நுனியை ஓட்டினால் எதுவும் தட்டக் கூடாது. நாலைந்து இழுப்பு தேய்த்து, வண்டியை ஓட்டிப் பார்த்து, பிறகு தேவையானால் இன்னும் இரண்டு. அதிகம் தேய்த்துவிட்டால் திருத்த முடியாது, புதிய பாயின்ட்தான் வாங்க வேண்டும்.