இரிடியமா, காப்பரா: டியூன் செய்த எஞ்சினுக்கு எந்த ஸ்பார்க் பிளக்?

டர்போ பூஸ்ட்டை, அதாவது எஞ்சினுக்குள் டர்போ அழுத்தித் தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் கூட்டியவர்கள் பலரும் தடுமாறும் இடம் இது. முதலில் ஒன்று: காப்பர் பிளக்கில் செம்பு உள்ளே மட்டும்தான். தீப்பொறி பாயும் முனை நிக்கல் கலவை.

ஆயுள்:
காப்பர் – சாதாரண ஓட்டத்தில் சுமார் 30,000 கி.மீ., கடும் பூஸ்ட்டில் அதைவிடக் குறைவு.
இரிடியம் – பெரும்பாலும் 80,000 கி.மீ.க்கு மேல். நிக்கல் உருகுவது 1,455 டிகிரி செல்சியஸில், இரிடியம் 2,446-இல்.

தீப்பொறி:
காப்பர் – முனை தடிமன் சுமார் 2.5 மி.மீ., அதிக மின்னழுத்தம் கேட்கும்.
இரிடியம் – 0.4 முதல் 0.7 மி.மீ. வரைதான், குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி பாயும். பூஸ்ட் ஏற ஏறக் காயிலின் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தருவது) சுமை கூடுவதால், இந்த வித்தியாசம் அங்கேதான் பளிச்சென்று தெரியும்.

விலை: காப்பர் மலிவு.

இடைவெளி (பொறி தாண்டும் தூரம்) சரிசெய்தல்:
காப்பர் – பயமில்லாமல் செய்யலாம்.
இரிடியம் – முனையில் கருவி பட்டால் உடையும். பக்க எலக்ட்ரோடை மட்டும் மெல்ல வளைக்கவும்.

உலோகத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வெப்ப எண்; பிளக் எவ்வளவு வேகமாக வெப்பத்தை வெளியேற்றும் என்று காட்டுவது. பிளக் தேவைக்குமேல் சூடானால் எரிபொருள் முன்கூட்டியே பற்றி, பிஸ்டனே ஓட்டையாகலாம். என்ஜிகே பிராண்டில் எண் கூடினால் குளிர்ந்த (வெப்பத்தை வேகமாக வெளியேற்றும்) பிளக், பாஷ் பிராண்டில் நேர்மாறு. மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

டிராக்கில் ஓட்டி, டியூனை அடிக்கடி மாற்றி, பிளக்கைக் கழற்றிப் பார்ப்பவருக்குக் காப்பர். தினமும் ஓட்டும் டர்போ காருக்கும், பிளக்கை எட்டவே பாதி எஞ்சினைப் பிரிக்க வேண்டியவற்றுக்கும் இரிடியம்.