அருவிக்கரைக் கடைகளில் விற்கும் குற்றாலம் கைடு புத்தகங்கள்: எந்தப் பக்கத்தை நம்பலாம்?

சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசி பஸ் ஸ்டாண்ட் முதல் குற்றாலம் பஜார் வரை இந்தப் புத்தகங்கள் கடை வாசலில் தொங்கும். மெல்லிய அட்டை, நடுவில் சில கலர்ப் பக்கங்கள், கடைசியில் ரூட் மேப். குற்றாலத்தில் ஆரம்பித்து செங்கோட்டை, ஆரியங்காவு, பாலருவி, தென்மலை என்று மலைக்கு அந்தப் பக்கம்வரை போகும். கோயில் பக்கங்கள் பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கின்றன. கோட்டை விடுவது அருவிப் பக்கங்களில்தான். ஜனங்கள் காசு கொடுத்து வாங்குவதோ அந்தப் பக்கங்களுக்காக.

வாங்கும் முன்பே ஒரு சோதனை செய்யலாம். குற்றாலம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருப்பதாக எழுதியிருந்தால், உள்ளே இருப்பது பழைய மேட்டர், அட்டை மட்டும்தான் புதுசு. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். செங்கோட்டை–புனலூர் பாதையில் மீட்டர்கேஜ் ரயிலில் போகலாம் என்று இருந்தால் இன்னும் பழசு. அந்த வண்டி 2010-ல் நின்றது. அகலப்பாதை முழுதாகத் திறந்தது 2018-ல். அதே பாதையில் தென்மலைக்குப் பக்கத்திலுள்ள பதிமூன்று கண் ரயில் பாலத்தின் படத்துக்குக் கீழே வருடம் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். போடாத படம், எப்போதோ எடுத்த படம்.

அருவியைப் பற்றி எழுதும்போது மாதத்தைச் சொல்லாமல் விடுவது வாசகரை ஏமாற்றுவது. எங்கள் வாதமே இதுதான். குற்றால சீசன் தென்மேற்குப் பருவமழையை நம்பியது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட். மழை தள்ளிப்போனால் சீசனும் தள்ளிப்போகும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழையில் மறுபடி தண்ணீர் வரும், ஆனால் அது பல நாள் வெள்ளமாகவே வரும், குளிக்கவும் தடை போடுவார்கள். ஏப்ரலில் வருகிறவர் பாறையைத்தான் பார்ப்பார். 'பாலெனப் பொங்கும் பேரருவி' என்று மட்டும் எழுதிவிட்டு இதை விழுங்கிவிட்டால், லீவு போட்டு, வேன் பிடித்து, குழந்தைகளோடு வருகிற குடும்பத்துக்கு நட்டம்.

படங்களும் அப்படித்தான். வெள்ளம் ஆர்ப்பரிக்கும் நாளில் எடுத்த படத்தைப் போட்டு, கீழே 'குளித்து மகிழலாம்' என்று எழுதுகிறார்கள். அந்த அளவு தண்ணீர் வருகிற நாளில் போலீஸ் ஒருவரையும் உள்ளே விடாது. குளிக்கிற அளவில் விழும்போது எடுத்த படத்தைப் போடுவதுதான் நியாயம். குற்றாலத்தின் பிரதான அருவியான பேரருவியின் உயரத்தை ஒவ்வொரு புத்தகமும் ஒரு கணக்காகச் சொல்கிறது. குளிக்கிறவருக்கு உயரத்தைவிட உபயோகமான செய்தி பொங்குமாக்கடல். மேலிருந்து வருகிற தண்ணீர் பாதி வழியில் அந்தப் பாறைக் குழிக்குள் விழுந்து, பொங்கி, வேகம் தணிந்து கீழே வருகிறது. அதனால்தான் அடியில் தலையைக் கொடுத்து நிற்க முடிகிறது. நாங்கள் புரட்டியவற்றில் சிலவே இதைச் சொல்கின்றன. அதையும் புராணக் கதையோடு நிறுத்திவிடுகின்றன.

பல புத்தகங்கள் வாயே திறக்காத விஷயம் திடீர் வெள்ளம். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் வெள்ளம் வந்து ஒரு சிறுவனின் உயிர் போனது. மழை மலை உச்சியில் பெய்யும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். தெளிவாக விழுந்த தண்ணீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் சேர்ந்து வந்தால், சத்தம் கனத்தால், துண்டைக்கூடத் தேடாமல் வெளியே வந்துவிட வேண்டும். இந்த மூன்று அடையாளத்தையும் அருவிப் பக்கத்தின் முதல் வரியாக அச்சடித்தால் போதும், புத்தகத்தின் விலைக்குத் தகும். சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க்குத் தடை இருப்பதையும் எழுத வேண்டும். கடையில் வாங்கிக்கொண்டு போய் வாசலில் பறிகொடுக்கிறார்கள். மலைமேல் இருக்கும் செண்பகாதேவி அருவிக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் ஏற முடியாது. அதை 'அழகிய மலையேற்றம்' என்று சேர்த்திருக்கும் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுங்கள்.

பாலருவிக்கு நாங்கள் எழுதினால் இப்படி எழுதுவோம்: 'ஆரியங்காவுக்குப் பக்கத்தில், கேரள வனத்துறையின் பொறுப்பில் உள்ளது. உயரம் சுமார் 300 அடி. உங்கள் வண்டி நெடுஞ்சாலை ஓரத்துச் செக்போஸ்டோடு சரி. அதன்பின் சுமார் 4 கிலோமீட்டர் காட்டுப்பாதை, வனத்துறை வண்டியில் போக வேண்டும். வண்டி நிறைந்தால்தான் கிளம்பும், கூட்ட நாளில் காத்திருப்பு அதிகம். கோடையில் தண்ணீர் வற்றினாலும், மழையில் வெள்ளம் வந்தாலும் மூடிவிடுவார்கள். பிளாஸ்டிக்கை வாசலில் சோதிப்பார்கள். கட்டணம் மாறும்.' இதில் வர்ணனை என்று ஒரு வார்த்தை இல்லை. இருந்தும், போகலாமா வேண்டாமா என்று வீட்டிலிருந்தே முடிவு செய்துவிடலாம். அழகைச் சொல்ல ஆசைப்பட்டால், அருகிலிருக்கும் திருவிதாங்கூர் காலத்துக் கல்மண்டபத்தைப் பற்றி இரண்டு வரி சேர்க்கலாம். அது எல்லா மாதமும் இருக்கும்.

சாப்பாட்டுப் பக்கத்தில் பார்டர் பரோட்டாவை எல்லோரும் புகழ்கிறார்கள். புகழ்ச்சி தகும், சின்னப் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் நல்ல ஜோடி. ஆனால் 'கேரள எல்லையில்' என்று எழுதி, ஜனங்களைப் புளியரை தாண்டிக் கோட்டைவாசல்வரை அனுப்பிவிடுகிறார்கள். இன்றைய எல்லை அங்கேதான், கடைகள் இருப்பதோ பிரானூரில். தென்காசியிலிருந்து போனால் செங்கோட்டைக்கு முன்னாலேயே வந்துவிடும். 1956 நவம்பர் 1-ல் செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேரும்வரை எல்லை பிரானூரில்தான் இருந்தது. பேர் அப்படியே நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம் என்பதையும் ஒரு வரி சொல்லிவிடலாமே.

தென்காசிக்குப் பக்கத்திலுள்ள சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூப்பது ஜூலைக் கடைசி, ஆகஸ்ட் முதல் பாதி. அது ஒரு விவசாயியின் பயிர், வரப்பை விட்டு இறங்காதீர்கள் என்ற வரி கட்டாயம் வேண்டும். ஒரு புத்தகத்தில்தான் பார்த்தோம்.

லாட்ஜ் பக்கங்களைப் படிக்கும்போது நிதானம் தேவை. விளம்பரம் கொடுத்தவர்களின் பெயர்தான் 'எங்கள் பரிந்துரை' என்ற தலைப்பிலும் வருகிறது. காசு வாங்கிப் போட்டால் மேலே 'விளம்பரம்' என்று அச்சடிக்க வேண்டும். 'அருவிக்கு மிக அருகில்' என்றால் எந்த அருவி என்று போன் போட்டுக் கேளுங்கள்: பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் நடுவே சுமார் 5 கிலோமீட்டர். சீசன் சனி, ஞாயிறில் அந்த ரோட்டில் வண்டி நகராது. சீசன் வாடகை, சாதா நாள் வாடகை இரண்டையும் தனித்தனியாகப் போட்டிருக்கும் புத்தகம் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.